அண்ணி பாதி கேட்ட பாடம்

எங்கள் அண்ணி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சி வண்டியில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஸ்டீயரிங் மட்டும் கற்றுக்கொள்பவர் கையில். அந்தப் பிரேக்கை மிதித்து மிதித்து அவருடைய காலுக்கு ஒரு வியாதியே வந்துவிட்டது. பஸ்ஸில் போனாலும் சரி, என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தாலும் சரி, கால் தானாக எதையோ மிதிக்கும். சினிமாவில் கார் வேகமாக வந்தால் முன் சீட்டுக்காரர் முதுகில் உதை விழும். தெருவில் அவருக்கு ‘பிரேக்கக்கா’ என்றுதான் பெயர்.

நான் அதே பயிற்சிப் பள்ளியில் மெக்கானிக். அண்ணன் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பார்கள். அண்ணியைப் பார்த்தவர்கள் என்னைச் சாது என்பார்கள்.

அண்ணன் பஸ் டிரைவர். கண் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டு, இனி வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரியும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அன்று வீட்டுக்குள் வந்தவர்தான், அப்புறம் வாசல் தாண்டவில்லை. நகரம் முழுக்கச் சுற்றி வந்த மனிதர், கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே முடங்கிப்போனார். ஆஸ்பத்திரியில் கொடுத்த வெள்ளைக் கம்பு, உறை பிரிக்காமல் கதவுக்குப் பின்னால் கிடந்தது. அண்ணி கெஞ்சினார், கத்தினார், சாப்பிடாமல் கிடந்து பார்த்தார். எதுவும் எடுபடவில்லை.

“நான் செத்துட்டேன்னு நினைச்சுக்கோ” என்றார் அண்ணன் ஒருநாள்.

அவர் இருக்கிறார் என்பது ஒன்றுதான் எங்களுக்கு மிச்சமிருந்த சந்தோஷம். அதையும் பிடுங்கிக்கொள்ளப் பார்த்தார்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணி நூலகத்துக்குள் நுழைந்தார். அறிவுத் தாகமெல்லாம் இல்லை. கற்றுக்கொள்ள வரவேண்டிய ஒருவர் தாமதம், வெளியே நல்ல வெயில், உள்ளே மின்விசிறி. அங்கே வாராந்தரக் கூட்டமொன்றில் ஒரு அம்மாள், ஸ்டோயிக் என்ற பழைய கிரேக்கத் தத்துவம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் அடிமையாக இருந்த ஒருவரும், சாம்ராஜ்யத்தையே ஆண்ட ஒருவரும் அதே பாடத்தைத்தான் பிடித்துக்கொண்டு வாழ்ந்தார்களாம். பாடம் இதுதான்: சில விஷயங்கள் நம் கையில் இருக்கின்றன, சில இல்லை. இல்லாததைப் பிடித்துத் தொங்காதே.

அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தார். இது நம் வண்டிதானே! பிரேக் நம்மிடம், ஸ்டீயரிங் அடுத்தவர் கையில். அதற்குள் தாமதக்காரர் வந்துவிட, பாதியில் எழுந்து போய்விட்டார்.

வந்தது வினை.

“கண்ணு எரியுது” என்பார் அண்ணன்.

“அது என் கையில இல்லங்க.”

“ராத்திரி தூக்கமே வரல.”

“அதுவும் இல்ல.”

நான் போய், “அண்ணி, உங்க சமையலறைக் குழாய் ஒழுகுது” என்றேன்.

“அது என் கையில இல்ல, தம்பி. உன் கையில ஸ்பேனர் இருக்கு.”

அழுகை நின்றது, கத்தல் நின்றது, பேச்சும் நின்றது. வேளாவேளைக்குச் சாப்பாடு மட்டும் வந்தது. அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “டேய், உங்க அண்ணிக்கு என்னடா ஆச்சு? கல்லோட குடும்பம் நடத்துற மாதிரி இருக்குடா” என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இதுதான் தத்துவமென்றால் அந்த அம்மாளை நாலு கேள்வி கேட்டுவிட்டு வரலாம் என்றுகூடத் தோன்றியது.

ஒரு காலை, பயிற்சி வண்டியில் கிளட்ச் சத்தம் போடுகிறது என்று நானும் பின் சீட்டில் ஏறினேன். ஓட்டியவர் ஒரு தையல்காரர், தலை நரைத்த மனிதர். பெரிய நாற்சந்தியில் வண்டி அணைந்தது. பின்னால் லாரி, அதன் பின்னால் பஸ், எல்லாம் சேர்ந்து ஹாரன். தையல்காரருக்குக் கை நடுங்கியது. அண்ணி பிரேக்கில் காலை வைத்து வண்டியைப் பிடித்துக்கொண்டு, நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

“ஏதாச்சும் சொல்லுங்க டீச்சர்” என்றார் அவர். குரல் உடைந்துவிட்டது. “நீங்க பக்கத்துல இருக்கீங்களான்னே தெரியல.”

அண்ணி திரும்பி அவரைப் பார்த்தார். கண்ணாடியில் எனக்கு அவர் முகம் தெரிந்தது. யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

“இருக்கேன்யா, இங்கதான் இருக்கேன்” என்றார். “அவங்க ஹாரன் அடிச்சா அடிச்சுட்டுப் போறாங்க, அது அவங்க வேலை. நீங்க கிளட்ச்ச மிதிங்க. சாவியைத் திருப்புங்க. மெதுவா. எனக்கும் முதல் நாள் இப்படித்தான் நடுங்குச்சு.”

வண்டி நகர்ந்தது. பள்ளிக்கு வந்ததும் அண்ணி அடுத்த வகுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு நேரே வீட்டுக்குப் போனார். எனக்கு மனசு கேட்கவில்லை, பின்னாலேயே போனேன்.

அண்ணன் நாற்காலியில் இருந்தார். அண்ணி தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலில் கை வைத்தார்.

“என்னங்க, உங்க கண்ணு திரும்பி வராது. அத என்னால மாத்த முடியாது. நீங்க எழுந்து வரணும்னு நான் முடிவு பண்ணவும் முடியாது. ஆனா எனக்குப் பயமா இருக்குங்க. உங்களோட வெளிய போகணும்னு ஆசையா இருக்கு. அதச் சொல்றது என் கையிலதான் இருந்துச்சு. சொல்லாம விட்டுட்டேன்.”

அண்ணன் கையால் தடவி அண்ணியின் தலையைக் கண்டுபிடித்து, அதன்மேல் கை வைத்தார்.

“எனக்கும் பயம்தான்” என்றார். “யார் மேலயாவது மோதிடுவேனோன்னு பயம். இத்தனை வருஷத்துல ஒரு ஆளைக்கூட நான் இடிச்சதில்ல.”

அவர் தன்னைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அடுத்த வாரம் அண்ணி நூலகத்துக்குப் போய் முழுசாக உட்கார்ந்தார். மனுஷன் மனுஷனுக்குத் துணையாகத்தான் பிறந்திருக்கிறான், நியாயமும் தைரியமும் நிதானமும் நம் கையில் உள்ளவை, அவற்றை விடக்கூடாது, மனசை மரக்கட்டையாக்கச் சொல்லவில்லை என்றாராம் அந்த அம்மாள்.

“இத முதல்லயே சொல்லியிருக்கலாமே!” என்று அண்ணி சண்டைக்குப் போயிருக்கிறார்.

“சொன்னேனே, நீங்கதான் எழுந்து போயிட்டீங்க!”

வெள்ளைக் கம்பு உறையிலிருந்து வெளியே வந்தது. கம்பு பிடித்து நடக்கச் சொல்லித்தர ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் வந்தார். அண்ணன் வீட்டுக்குள் நடந்து பழகினார். ஸ்டூலில் இடித்தால் “எவன்டா குறுக்க நிறுத்தினது?” என்று டிரைவர் பாஷையில் ஒரு அர்ச்சனை நடக்கும். ஸ்டூலை நகர்த்தப் போன என்னை அண்ணி தடுத்தார். “விடு தம்பி, ரோட்டுல யார் நகர்த்துவாங்க?”

பிறகு தெரு. முதலில் அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு, பிறகு அண்ணி பக்கத்தில் வர, பிறகு சில அடி பின்னால் வர. சில நாள் பாதியில் திரும்பிவிடுவார். அந்த நாள்களில் வீட்டில் யாரும் வாயைத் திறக்க முடியாது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் கதை விடமாட்டேன்.

போன ஞாயிறு காலை, பஸ் பணிமனைக்கு எதிரே டிரைவர்கள் கூடும் டீக்கடைக்குத் தனியாகப் போவதாக அறிவித்தார். போகிற வழியில் ஒரு சாலையைக் கடக்க வேண்டும். சட்டையைத் தேய்த்துத் தரச் சொன்னார், தலையை வாரிக்கொண்டார், கிளம்பிவிட்டார். நான் செருப்பை மாட்டினேன். அண்ணி என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். அவர் கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

“என்ன அண்ணி, தத்துவம் படிச்சவங்க அழலாமா?”

“அழறது தப்புன்னு எவன் சொன்னான்? ஓடிப்போய்ப் பிடிச்சாதான் தப்பு.”

வாசலிலேயே நின்றோம். அண்ணன் சாலை ஓரத்தில் நின்று காதைத் தீட்டிக் கேட்டார். ஒரு வேன் போனது. கம்பை முன்னால் நீட்டிக்கொண்டு, அவசரமில்லாமல், நேராகக் கடந்தார். அந்தப் பக்க நடைபாதையில் ஏறியதும் ஒரு நிமிடம் நின்றார். திரும்பாமலே கையை உயர்த்தி ஆட்டினார்.

“நிக்கிறீங்கன்னு தெரியும்” என்று கத்தினார். “உள்ள போங்க ரெண்டு பேரும்! நான் வர நேரமாகும்!”