வீட்டுக்காரரை அனுப்பும்மா

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆவடியில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பன்னிரண்டு வருஷமாக நிற்கிறவளுக்கு வாய் நீளாமல் வேறென்ன நீளும். மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறவர்கள், சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்கிறவர்கள், பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்ட மருந்து தனக்கும் கேட்கும் என்று வருகிறவர்கள், எல்லோரையும் திட்டியிருக்கிறேன். திட்டினாலும் என்னிடம்தான் வருவார்கள். அந்த அக்கா திட்டும், ஆனால் சரியாகக் கொடுக்கும் என்று எனக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரில் எனக்கு நிறையவே கர்வம் இருந்தது.

அந்தக் கர்வத்தோடுதான் ஒரு பெண்ணை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினேன். ஒரே ஒரு வாக்கியம் சொல்லித்தான் அனுப்பினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகம் எரிகிறது.

எங்கள் கடையில் ஆணுறைப் பெட்டி கீழ்த்தட்டில், கிரைப் வாட்டர் பாட்டில்களுக்குப் பின்னால் இருக்கும். முதலாளி வைத்த இடம் அது. குடும்பத்தோடு ஆட்கள் வருகிற கடை, கண்ணில் படக்கூடாது என்பார். வாங்க வருகிற ஆண்கள் முதலில் ஒரு தைலம் வாங்குவார்கள், அப்புறம் பஞ்சு வாங்குவார்கள், அப்புறம் கூட்டம் கலையும்வரை செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கடைசியில் தாடையால் கீழ்த்தட்டைக் காட்டுவார்கள். நான் பேப்பரில் சுற்றிக் கறுப்புக் கவரில் போட்டுத் தருவேன். சின்ன பாக்கெட்டா பெரிய பாக்கெட்டா என்று வேண்டுமென்றே சத்தமாகக் கேட்டு, அவர்கள் நெளிவதைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்ததும் உண்டு. பெண்கள் யாரும் கேட்டதில்லை.

எனக்குத் தேவைப்பட்டபோது நானும் யாரிடமும் கேட்கவில்லை. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு, கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, கிரைப் வாட்டரை நகர்த்தி ஒரு பாக்கெட்டை எடுத்து, கல்லாவில் காசைப் போட்டுவிட்டு, சாப்பாட்டுப் பையில் காலி டப்பாவுக்கு அடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவேன். என் வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலையில் வேலை. நாங்கள் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். கடைக்குப் போய் வாங்குவது அவருக்கும் கூச்சம், எனக்கோ கடையே கையில் இருந்தது.

அந்தப் பெண் வந்தது ஒரு காலை, பதினொரு மணி இருக்கும். அவளை எனக்குத் தெரியும். மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க மாதம் ஒருமுறை வருவாள். கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. புருஷனுக்கு ஏசி குழாய் மாட்டுகிற வேலை, மாதக்கணக்கில் வெளியூர் போய்விடுவான். அன்று கவுன்டரில் என் வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலையில் மேலதிகாரியான சார்ஜ்மேன் ரத்தக் கொதிப்பு மாத்திரைக்காக நின்றுகொண்டிருந்தார். குவார்ட்டர்ஸில் அவர் சொல்தான் சொல். யார் வீட்டுப் பெண் எப்படி என்று தீர்ப்பு எழுதுகிறவர் அவர்.

அவள் கையில் மடித்து வைத்திருந்த ஒரு துண்டுச் சீட்டை என் பக்கம் தள்ளினாள். ஆஸ்பத்திரிச் சீட்டின் ஓரத்தைக் கிழித்து, யாரோ நர்ஸ் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தார். காண்டம். வாயால் சொல்ல முடியாது என்று அவள் எழுதி வாங்கி வந்திருக்க வேண்டும். ஓரத்தில் ஆஸ்பத்திரி முத்திரையின் பாதி தெரிந்தது. அந்த முத்திரையைக் கவனிக்கவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். பார்த்தேன்.

சார்ஜ்மேனும் எட்டிப் பார்த்தார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன். எனக்குள் எங்கிருந்தோ ஒரு நல்ல குடும்பத்துப் பொம்பளை எழுந்து நின்றாள். சீட்டைத் திருப்பி அவள் பக்கமே தள்ளினேன்.

"இதெல்லாம் பொம்பளைங்க வந்து வாங்கறது இல்லம்மா. வீட்டுக்காரரை அனுப்பும்மா" என்றேன்.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சார்ஜ்மேன் நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். சீட்டை முன்போலவே மடித்து, உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு போனாள். மாமியாருடைய மாத்திரையைக்கூட வாங்கவில்லை.

சரியாகச் சொன்னாய் என்று சார்ஜ்மேன் தலையாட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, பெருமையாகத்தான் இருந்தது. மறுநாள் அவர் தொழிற்சாலையில் எல்லோர் முன்னாலும் என் வீட்டுக்காரரிடம் என்னைத் தங்கம் என்றாராம். இவர் வந்து சொன்னபோது நான் சாப்பாட்டுப் பையிலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டிருந்தேன். அடியில் பாக்கெட் கிடந்தது. இவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஊருக்குத்தான் உபதேசம் என்று அவர்தான் சொன்னார். அந்தச் சிரிப்பை இப்போது என்னால் சீரணிக்க முடியவில்லை.

அதற்கப்புறம் அவள் வரவில்லை. மாமியார் மாத்திரைக்கு வேறு யாரோ வந்தார்கள். நானும் மறந்துவிட்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் வந்தாள். வயிறு தெரிந்தது. சந்தோஷமாக என்னம்மா விசேஷமா என்று கேட்டுக்கொண்டே சீட்டை வாங்கிப் பிரித்தேன். பென்சிலின் ஊசி. வாரத்துக்கு ஒன்று, மூன்று வாரம். அந்த அளவில் அந்த ஊசியைக் கர்ப்பிணிக்கு எதற்கு எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். சிபிலிஸ். ஆண் ஊரெல்லாம் சுற்றிக் கொண்டுவந்தாலும் நம் ஊரில் அதற்குப் பேர் பொம்பளைச் சீக்கு.

கடையில் அப்போது வேறு யாரும் இல்லை. அவளாகவே சொன்னாள். கல்யாணத்துக்கு அப்புறம் புருஷனுக்குப் புண் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்களாம். அவனுக்கு நோய் இருந்தது. இவளுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்ததில் அப்போது ஒன்றும் இல்லை. அவனுக்கு ஊசி முழுக்கப் போட்டு, ரத்தத்தை மறுபடி பார்க்கிறவரை உறை இல்லாமல் சேரக்கூடாது, நீயும் திரும்ப வந்து பார்த்துக்கொள் என்று நர்ஸ் அம்மா இவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாராம். கொடுத்தனுப்பிய பாக்கெட் தீர்ந்துபோகவேதான் சீட்டோடு என்னிடம் வந்திருக்கிறாள். அவன் ஒரே ஒரு ஊசி போட்டுக்கொண்டு, புண் ஆறியதும் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டான். வந்து போய்க்கொண்டு இருந்தான்.

உறை போட்டிருந்தாலும் சில சமயம் இந்த நோய் தொற்றும், உறை மறைக்காத இடத்தில் புண் இருந்தால் வரத்தான் வரும் என்று என் மனசு உடனே வக்கீல் வைத்தது. மருந்துப் படிப்பு படித்தவளுக்கு அது ஒரு சௌகரியம். உறை இருந்திருந்தால் தொற்றாமலே போக நிறைய வாய்ப்பு உண்டு என்பதும் அதே படிப்பில்தான் இருக்கிறது.

அவள் என்னைக் குற்றம் சொல்லவே இல்லை. குரலைத் தாழ்த்தி, ரொம்ப நாளாக மனசில் வைத்திருந்ததைக் கேட்பதுபோல ஒன்றைக் கேட்டாள்.

"அக்கா, நீங்க சொன்னீங்கன்னு அவர மூணு வாட்டி அனுப்பினேன். மூணு வாட்டியும் கடை மூடிக்கீதுன்னு வந்துட்டாரு. நெசமாவே மூடித்தான் இருந்துச்சா?"

எங்கள் கடை தீபாவளிக்கே அரை நாள்தான் மூடும். அது அவளுக்கும் தெரிந்திருக்கும். இல்லை என்று சொன்னால் அவன் பொய் வெளியே வரும். கூடவே, அவன் வரமாட்டான் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் வெளியே வரும். ஊரையெல்லாம் திட்டுகிற வாய்க்கு அந்த நேரத்தில் ஒரு பொய்தான் கிடைத்தது.

"ஞாபகம் இல்லம்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். இப்போதே ஊசி போட்டுவிட்டால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னாள். அது உண்மைதான், ஆனால் மூன்றையும் தவறாமல் போட வேண்டும் என்றேன். அவனும் முழுக்கப் போட்டுக்கொள்ள வேண்டும், அதுவரை விலகி இருப்பதுதான் நல்லது, முடியாது என்று அவன் வந்தால் உறை இல்லாமல் விடவே கூடாது என்றேன். எட்டு மாதத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை மூச்சுவிடாமல் சொன்னேன். சொல்லிக்கொண்டே குனிந்து, கிரைப் வாட்டர் பாட்டில்களை ஒதுக்கி, நாலு பாக்கெட் எடுத்து அந்த வாரத்து ஊசி மருந்தோடு அவள் பையில் போட்டேன். கறுப்புக் கவர் எதுவும் போடவில்லை.

அப்போது பார்த்து இரண்டு பேர் கடைக்குள் வந்தார்கள். அவள் அவர்களைப் பார்த்தாள். பைக்குள் கைவிட்டு நாலு பாக்கெட்டையும் எடுத்து, வெளியே தெரியாமல் கையால் மூடியபடி என் பக்கம் தள்ளினாள்.

"வாணாம்க்கா. பொம்பள வாங்கினா நல்லா இல்ல. அவரையே அனுப்பறேன்" என்றாள்.

குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஒழுங்கான பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோலத்தான் சொன்னாள். நான் எடுத்துக்கோம்மா என்று கெஞ்சுவதற்குள் படி இறங்கிவிட்டாள். வந்த இரண்டு பேரில் ஒருவர் இருமல் மருந்து கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாளே பெட்டியைக் கீழ்த்தட்டிலிருந்து எடுத்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தேன். முதலாளி முறைத்தார், பதிலுக்கு நானும் முறைத்தேன். சார்ஜ்மேன் மாத்திரைக்கு வந்து அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அதெல்லாம் பெரிய காரியம் இல்லை. அவள் புருஷன் வருவானா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வரவில்லை.

அடுத்த வாரம் இரண்டாவது ஊசிக்கான நாள் வந்தது. மருந்தைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். அவளும் வரவில்லை. வேறு கடையில் வாங்கியிருப்பாள் என்று ஒவ்வொரு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.