பொத்துவிலிலிருந்து ஒரு கருவாட்டுப் பயணம்

போன வாரம் ஒரு வேனுக்குள் நாலரை மணி நேரம் கருவாட்டோடு பயணம் செய்தேன். கேட்டால் சிரிப்பீர்கள். அனுபவித்தால்தான் தெரியும்!

நானும் மனைவியும் கொழும்பிலிருந்து விடுமுறைக்குப் பொத்துவில் போயிருந்தோம். என் அக்கா செல்வி அங்கேதான் இருக்கிறாள். இருபது வருடங்களுக்கு முன், அப்புத்தளையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டை விட்டு, யாரிடமும் சொல்லாமல் ஒரு மீனவரைக் கட்டிக்கொண்டு போனவள். அன்றிலிருந்து அண்ணன் அவள் பேச்சையே எடுக்க விடுவதில்லை.

இப்போது அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்து, பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்து, வீடு திரும்பியிருக்கிறார். அவரைப் பார்க்க நாங்கள் அப்புத்தளைக்குப் போகிறோம் என்று கேட்டதிலிருந்து அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"என்னையும் கூட்டிட்டுப் போடா" என்றாள். கையில் ஒரு பெரிய பை. "அண்ணனுக்குக் கட்டாக் கருவாடுன்னா உசிரு."

நெஞ்சுவலிக்காரருக்கு உப்புக் கருவாடு! யார் போய்ச் சொல்வது?

மொனராகலை வரை கொதிக்கிற வெயில். வெல்லவாய தாண்டி மலை ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. தியலும அருவியைக் கண்டதும் அக்கா கண்ணாடியை இறக்கினாள்.

"அப்பாவோட மரக்கறி லொறியில வரும்போது இங்கனதானடா நீ வாந்தி எடுப்ப?"

மனைவி முன்னால் எனக்கு இந்த மரியாதை தேவையா? ஆனாலும் மூவரும் சிரித்தோம். அந்த லொறியின் தார்ப்பாய், லீக்ஸ் வாசம், பாடிக்கொண்டே ஓட்டும் அப்பா... எல்லாம் ஒரு வளைவுக்குள் வந்து போயின. எவ்வளவு நல்ல நாட்கள்!

வீட்டுக்குக் கொஞ்ச தூரம் முன்னால், பெரகல சந்தியில் ஒரே மூடுபனி. அக்கா இறங்கி நின்றுவிட்டாள்.

"நான் இப்படியே பஸ் புடிச்சுத் திரும்பிப் போறேன்டா. அவரு மூஞ்சியத் திருப்பிக்கிட்டா என்னால தாங்க முடியாது."

கெஞ்சிக் கூத்தாடி ஏற்றினேன்.

அண்ணன் வாசலில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார். என்னை "வா" என்றார். என் மனைவியை "வாம்மா" என்றார். அக்காவைப் பார்த்தார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

அண்ணி தேத்தண்ணி கொண்டுவந்தார். எனக்கும் மனைவிக்கும் சீனி போட்டுக் கலக்கியது. அக்காவின் கோப்பையில் மட்டும் சீனி இல்லை. ஒரு வாய் குடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். இருபது வருடக் கோபத்தை ஒரு கரண்டிச் சீனியிலா காட்டுவது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது அண்ணன் சீனி டின்னோடு வெளியே வந்தார்.

"கைய நீட்டு புள்ள."

அவள் உள்ளங்கையில் ஒரு கரண்டிச் சீனியை வைத்தார்.

எங்கள் லயத்தில் விருந்தாளிக்குத்தான் சீனியைக் கலக்கிக் கொடுப்பார்கள். வீட்டு ஆட்களுக்குக் கையில்தான். அதை நக்கி நக்கித் தேத்தண்ணியைக் குடிக்க வேண்டியதுதான். கொழும்பிலேயே இத்தனை வருடம் இருந்ததில் எனக்கு இது மறந்தே போயிருந்தது.

"கருவாடு கொண்டாந்திருக்கேண்ணே..." என்றாள் அக்கா, அழுதுகொண்டே.

"அதான் பெரகலயிலயே வாசம் வந்துருச்சே!"

நானும் அழுதேன். சொல்ல என்ன வெட்கம்?

அக்கா அங்கேயே தங்கிவிட்டாள். திரும்பும்போது மனைவி மெல்லக் கேட்டாள்: "உங்களுக்கு மட்டும் ஏங்க கலக்கிக் குடுத்தாங்க?"

வருடம் தவறாமல் கேக் பெட்டியோடு போய், ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஓடி வருகிறவன் நான்.

வேறெப்படிக் கொடுப்பார்கள்?