நெல்லுக்கு ஒதுங்கிய கார்

எங்கள் காரின் கூரையில் திறக்கிற கண்ணாடி கிடையாது. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடந்த ஒரு பெரிய சண்டையில் நான் தோற்றுப்போனதற்கு அதுதான் சாட்சி. அந்தத் தோல்விக்காக இன்று தினமும் சாமியைக் கும்பிடுகிறேன் என்றால் அவரே நம்பமாட்டார். அவ்வளவு பேசியிருக்கிறேன்.

அவர் கத்தாரில் டிரெய்லர் லாரி ஓட்டுகிறார். நான் தஞ்சாவூருக்குத் தெற்கே எங்கள் ஊரில், சொந்த நிலத்தையும் குத்தகைக்கு எடுத்த கொஞ்ச நிலத்தையும் பார்த்துக்கொள்கிறேன். நாற்பது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள். கார் எடுக்கலாம் என்று முடிவானபோது, ஏறக்குறைய ஒரே விலைக்கு இரண்டு மாடல் காட்டினார்கள். ஒன்றில் கூரைக் கண்ணாடியும் பெரிய திரையும் இருந்தன. இன்னொன்றில் அதெல்லாம் இல்லை. அதற்குப் பதிலாக ‘ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல்’ என்று ஏதோ இருந்தது. எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்டேன். உள்ளே இருக்கிறது மேடம், பார்க்க முடியாது என்றார் விற்பனையாளர். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

அன்றைக்கே போனில் அவரைப் பிடித்தேன்.

“கண்ணுக்கே தெரியாத ஒண்ண எதுக்குங்க வாங்கணும்? ஊர்ல நாலு பேரு பாத்து நல்லாருக்குன்னு சொல்ல வேணாமா?”

“நம்ம ஊரு வெயில்ல கூரையைத் தொறந்து வச்சு என்ன பண்ணப் போற? வடகம் காயப்போடப் போறியா?” என்றார்.

பிறகு பொறுமையாகத்தான் விளக்கினார். நாம் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் திருப்புகிறோம், ஆனால் டயர் வழுக்கி வண்டி வேறு பக்கம் போகப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கிற அந்த ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் பெட்டி அதை நமக்கு முன்பே கண்டுபிடித்து, நான்கு சக்கரங்களில் எதற்கு வேண்டுமோ அதற்கு மட்டும் பிரேக் போட்டு, வண்டியை நாம் திருப்பிய பக்கமே கொண்டுவரும். எந்த டிரைவருக்கும் நான்கு பிரேக் பெடல் கிடையாது, அதனால் எவ்வளவு கெட்டிக்காரனாலும் இதைச் செய்ய முடியாது என்றார். நான் “உம், உம்” என்று கேட்டுவிட்டு கூரைக் கண்ணாடி வண்டிக்கே முன்பணம் கட்டக் கிளம்பினேன். போய்ச் சேர்வதற்குள் அவர் ஷோரூமுக்குப் போன் பண்ணி மாற்றிவிட்டிருந்தார். ஒரு வாரம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வண்டி வந்த பிறகு அந்த ஐப்பசி மழையில் ஒரு வளைவில் கொஞ்சம் வேகமாகத் திரும்பினேன். பின்பக்கம் லேசாக வெட்டியது. உடனே முன்னால் மஞ்சள் விளக்கு ஒன்று மின்னி அணைந்தது. கார் படமும் அதற்குக் கீழே வளைந்து வளைந்து இரண்டு கோடும். வண்டி சமர்த்தாக நேராகிவிட்டது. எனக்கு ஒரே பெருமை. நம் வண்டி தானே பார்த்துக்கொள்கிறது என்று அவரிடம் அளந்தேன்.

“அந்த லைட்டு மின்னுச்சுன்னா வண்டி நல்ல வண்டின்னு அர்த்தமில்ல. நீ தப்புப் பண்ணிட்டேன்னு அர்த்தம்” என்றார். “ரோட்டுல பிடிமானம் சுத்தமா இல்லாட்டி அதாலயும் ஒண்ணும் பண்ண முடியாது, பாத்துக்க.”

பொறாமையில் பேசுகிறார் என்று நினைத்தேன். அதற்கப்புறம் ஆக்ஸிலரேட்டரில் என் கால் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்துப்போனது உண்மை.

என் தங்கையைப் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக் குடும்பத்தில் கொடுத்திருக்கிறோம். கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளையில்லை. அவள் ஏறாத கோயிலில்லை, வேளாங்கண்ணி வரைக்கும் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். கடைசியில் தங்கிய கரு அது. எங்கள் அம்மா இல்லை. அதனால் அவளுக்குத் தாய்வீடு என்றால் நான்தான். மாசியில் வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்கு அழைத்து வரப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகு காலம் பிறக்கிறது, அதற்குள் வாசலில் ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்துவிட வேண்டும். சம்பந்தி வீட்டார் லேசில் விட்டால்தானே? ஐந்து வகைச் சாதம், அப்புறம் பாயசம், அப்புறம் சின்ன மாமியாருக்கு ஒரு நமஸ்காரம். கிளம்பும்போதே நேரம் இழுத்துவிட்டது. தங்கை முன் சீட்டில், பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே தாழ்த்திப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல்.

“மெதுவாப் போக்கா” என்றாள், ஒரத்தநாட்டைத் தாண்டியதும்.

“வண்டி பாத்துக்கும்டி” என்றேன். முள் நூறைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஒரு வளைவைத் தாண்டியதும் சாலையின் இடப்பாதி முழுக்க நெல். தார் ரோட்டில் காயப்போட்டு, ஓரத்தில் கல்லும் ஒடித்த கிளையும் வைத்திருந்தார்கள். சம்பா அறுப்புக் காலத்தில் எங்கள் பக்கம் இது புதிதில்லை. ஈரப்பதம் கூடினால் கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், நானே எத்தனையோ தரம் ரோட்டில் கொட்டிக் காலால் கிளறியிருக்கிறேன். அதன் மேல் ஏற்றிவிட்டுப் போகிற கார்க்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

வேறு ஊர்க்காரராக இருந்தால் நேராக பிரேக்கை மிதித்திருப்பார். கல் இடித்து, நெல் சிதறி, கொஞ்சம் வழுக்கி எப்படியோ நின்றிருக்கும். அந்த வளைவில் அதுதான் சரி. எனக்குக் கை போன பக்கம் வேறு. நெல் மேல் ஏற்ற மனசு வரவில்லை. மனசு என்று சொல்வதுகூடத் தப்பு, யோசிக்கவே நேரமில்லை. என் கையே ஸ்டீயரிங்கை வலப்பக்கம் வெட்டித் திருப்பிவிட்டது.

எதிரே வைக்கோல் ஏற்றிய லாரி.

நெல் முடிகிற இடத்தில் திரும்ப இடப்பக்கம் வெட்டினேன். சிதறிக் கிடந்த நெல்மணிகளில் பின் சக்கரம் ஏறியிருக்க வேண்டும், வண்டியின் பின்பாதி எங்கேயோ தனியாகப் போகப் பார்த்தது. இடப்பக்கம் கரைதட்ட ஓடுகிற வாய்க்கால். காலுக்கடியில் பிரேக் பெடல் கடகடவென்று உதறியது. எந்தச் சக்கரத்தையோ யாரோ பிடித்து இழுப்பது தெரிந்தது. மஞ்சள் விளக்கு விடாமல் மின்னியது. வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நேராகி, லாரிக்கு வழிவிட்டு, நெல்லைத் தாண்டி, வாய்க்கால் கரையில் மண்ணில் போய் நின்றது.

தங்கை கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தாள். நாலைந்து வளையல் நொறுங்கி மடியில் கிடந்தது. மணிக்கட்டில் ஒரு ரத்தக்கோடு. அவள் மற்ற கை வயிற்றின் மேல் இருந்தது. நான் அந்தக் கையையே பார்த்தேன். அப்படியே காத்திருந்தோம்.

“அசையுதுக்கா” என்றாள்.

நான் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து வாய்விட்டு அழுதேன்.

புளியமரத்தடியில் காவலுக்கு உட்கார்ந்திருந்த நெல்லுக்காரம்மா ஓடி வந்தார். என் வயசு இருக்கும். முதலில் தங்கை மடியிலிருந்த வளையல் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். தண்ணீர் கொடுத்தார். அப்புறம் திரும்பி ரோட்டைப் பார்த்தார். டயர் தடம் அவருடைய நெல்லைச் சுற்றி வளைந்து போயிருந்தது.

“நெல்லு கெடக்குன்னா திருப்புன?”

“ஏத்த மனசு வரலீங்க.”

“ஏம்மா, ஒனக்குக் கிறுக்கா? புள்ளத்தாச்சிய வச்சுக்கிட்டு நெல்லப் பாப்பியா? அது போனா அடுத்த போகத்துக்கு வெளையும். இது வெளையுமா?” என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டார். கூடவே, “ரோட்டுல கொட்டுனது என் தப்பு, அத வேற சொல்லணுமா” என்று தலையிலும் அடித்துக்கொண்டார். அவர் திட்டியது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம், முப்பதுக்கு மேல் முள் ஏறவில்லை. பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா சொன்ன பிறகு வீட்டுக்கு வந்தோம். நடு ராகு காலத்தில் ஆரத்தி எடுத்தேன்.

அவரிடம் போனில் மறைக்காமல் சொன்னேன். எவ்வளவு வேகம் என்று கேட்டார். சொன்னேன்.

“லைட்டு மின்னுச்சா?”

“நிக்கிற வரைக்கும் மின்னிச்சுங்க.”

அவர் நிதானமாகச் சொன்னார். “வண்டிக்கு நெல்லு எது, வயித்துப் புள்ள எதுன்னு தெரியாது. நீ திருப்புற பக்கம் கொண்டுபோகும், அவ்வளவுதான். எந்தப் பக்கம் திருப்பணும், எவ்வளவு வேகத்துல வரணும்னு நீதான் பாக்கணும்.”

“அன்னைக்கு நீங்க சொன்னதைக் கேட்டது நல்லதாப் போச்சுங்க.”

“நீ எங்க கேட்ட?” என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே நான் அழுதது அவருக்குத் தெரிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பெட்டிக்கும், கண் காணாத தேசத்தில் இருந்துகொண்டு அதை எனக்காக அடம்பிடித்து வாங்கிய மனுஷனுக்கும் நான் எப்படி நன்றி சொல்வது? பூஜை போடுகிற அன்று மற்றவர்கள் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கும்போது, நான் அந்த மஞ்சள் விளக்கு இருக்கிற இடத்திலும் ஒரு பொட்டு வைக்கிறேன்.

பங்குனியில் பெண் குழந்தை பிறந்தது. ஆவணிக் கடைசியில் தாயையும் பிள்ளையையும் பட்டுக்கோட்டைக்குக் கொண்டுபோய் விட அதே ரோட்டில் கிளம்பினேன். குறுவை அறுப்பு தொடங்கிவிட்டிருந்தது. இந்த முறை சம்பந்தி வீட்டார் சொன்ன நல்ல நேரத்தைக் காதிலேயே வாங்கிக்கொள்ளவில்லை. வளைவுக்கு முன்பே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன். ஒரு திருப்பம் தாண்டினால் இடப்பாதியில் நெல், எதிரே பஸ். பின்னால் ஒரு வேன் ஒட்டிக்கொண்டு வந்தது, நிற்கவும் முடியாது. வலப்பக்கம், பஸ்ஸுக்கும் நெல்லுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருந்தது. வேகமாக வெட்டினால் நுழைந்துவிடலாம் என்று கை சொன்னது.

மெல்ல, நேராக, நெல்லின் மேல் ஏற்றினேன். என் வாழ்நாளில் முதல் தடவை. மரத்தடியிலிருந்து ஒருவர் எழுந்து கையை ஓங்கிக்கொண்டு என்னமோ கத்தினார். நான் எத்தனை பேரைப் பார்த்துக் கத்தியிருக்கிறேனோ அதே கத்தல். டயருக்கடியில் நெல் நொறுங்குகிற சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது. விளக்கு மின்னவில்லை. பின் சீட்டில், அம்மா மடியில், பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள்.