சென்னையிலிருந்து வந்த தலைக்கவசங்கள்

யேசுவின் திருப்பாடுகளின் நாடகத்துக்கு இந்த முறை உரோமை வீரரின் தலைக்கவசங்கள் பன்னிரண்டும் சென்னையிலிருந்து வந்து இறங்கியிருக்கின்றனவாம். குருநகர் மீன்சந்தையில் பக்கத்துக் கோயிற்பங்குத் தயாளினி சொன்னாள். அவளுக்கு அவளுடைய மச்சாள் சொன்னாளாம்.

"கனடாக் கிறிஸ்ரி அண்ணை எடுத்துக் குடுத்தவராம். இரும்பு மாதிரி மினுங்குதாம். அடுத்த வருசம் எங்கடை பங்கும் அங்கைதான் சொல்லிச் செய்விக்கப்போகுது. நீ பாத்தனியே, றோஸ்?"

பார்த்தாளாவது! பன்னிரண்டையும் செய்தவளே றோஸ்தான்.

நாற்பத்தேழு வயதுவரை கிழிந்த வலை பொத்தியே பிழைத்தவள். போன வருடம் நகரத்தில் ஒரு நாடகக்குழு மேடைப்பொருள் செய்யப் பழக்கியபோது, மூன்று நாளும் மதியச் சாப்பாடு உண்டு என்று போனாள். சாப்பாடு வாய்க்குப் பிடிக்கவில்லை. வேலை கைக்குப் பிடித்துவிட்டது. பேசினைக் கவிழ்த்து எண்ணெய் பூசி, பழைய பேப்பர்க் கீலங்களைக் கோதுமைமாப் பசையில் தோய்த்து ஏழு படையாக ஒட்டவேண்டும். அவசரத்தில் ஏழு படையையும் ஒரே நாளில் ஒட்டிய முதல் கவசம் பூஞ்சணம் பிடித்து நாறியது. இரண்டாவதைக் கரப்பான் தின்றது. அதன்பிறகு பசையில் மயில்துத்தம் கலந்தாள். ஒரு படை காய்ந்த பின்னரே அடுத்ததைத் தொட்டாள். நடிக்கிற பன்னிரண்டு பேரின் தலையையும் வலைநூலால் அளந்து முடிச்சுப் போட்டாள். ஜெறோமின் பெரிய தலைக்கு மட்டும் பேசின் அளவு காணாமல் சோற்றுப்பானையைக் கவிழ்த்தாள். உச்சிக் குஞ்சத்துக்குக் கூட்டுகிற தும்புத்தடியின் தும்பும் சிவப்புச் சாயமும்.

வாங்கிய மீனையும் கொண்டே பங்கு மண்டபத்துக்கு நடந்தாள். நாடகக்குழுச் செயலாளர் சுபாஸ் விழா மலர்ப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தான். பின்னட்டையில் பெரிதாக: 'தலைக்கவசங்கள்: கிறிஸ்ரி, கனடா.'

"இது ஆரின்ரை வேலை?"

"அவர் சென்னையிலை எடுத்து அனுப்பினவர்தான் அக்கா. பெட்டி கொழும்பிலை சுங்கத்திலை நிக்குது. அதுக்கிடையிலை பேரை அடிச்சுப்போட்டம். வந்து சேந்துட்டுதெண்டு அவருக்குப் படமும் அனுப்பினம்."

"எதின்ரை படம்?"

சுபாஸ் கூரையைப் பார்த்தான். "நீங்கள் செய்ததின்ரை. கோவியாதேங்கோ, ஆருக்குத் தெரியப்போகுது? உவ்வளவு வடிவாச் செய்தது உங்கடை பிழை."

றோஸ் மீன்பையை மேசையில் போட்டாள். மூலையில் கிடந்த ஒரு கவசத்தை எடுத்தாள். இரண்டு கிழமை காயவைத்துச் செய்தது அது. உள்ளே ஒட்டியிருந்த துணியைப் பிடித்துக் கிழித்தாள். அடியில் பழைய பேப்பரின் எழுத்துத் தெரிந்தது.

"உதை வாசி."

"அக்கா..."

"சத்தமா வாசி!"

"கோப்பாயைப் பிறப்பிடமாகவும் கொடிகாமத்தை வதிவிடமாகவும் கொண்ட..."

"சென்னையிலை ஆரடா கோப்பாய்க்காரரின்ரை மரண அறிவித்தலை அடிக்கிறது?"

சுபாஸுக்குச் சிரிப்பு முட்டியது. அவளுடைய முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டான்.

"ஞாயிற்றுக்கிழமை நாடகத்திலை மலர் சனத்தின்ரை கைக்குப் போகமுன்னம், எல்லாத்திலையும் என்ரை பேரைத் துண்டிலை அடிச்சு ஒட்டு. பசை நான் காய்ச்சித் தாறன்."

"கிறிஸ்ரி அண்ணை குறை நினைப்பார். அவர் ஓமெண்டால் ஒட்டுறம்."

"அப்ப எடு போனை."

"அங்கை இப்ப சாமம், அக்கா."

"நல்லது. வீட்டிலைதான் இருப்பார்."

சுபாஸ் இலக்கத்தை அழுத்தித் தயங்கினான். றோஸ் போனைப் பிடுங்கி, ஒலியைக் கூட்டி, மலர்க்கட்டின்மேல் வைத்தாள். மணி போனது. ஒருவரும் எடுக்கவில்லை.

"நித்திரை போலை," என்றான் சுபாஸ்.

"எழும்பட்டும்," என்று கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள் றோஸ். மணி போய்க்கொண்டேயிருந்தது.