மதியின் இரண்டு கிழவிகள்

எர்ணாவூர் குடியிருப்பில் தரைத்தளத்தில் வசிக்கும் மதிக்கு, படுக்கையில் கிடக்கும் முதியவர்களைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. பெரம்பூரில் பக்கவாதம் வந்த ஒரு அம்மாளைக் குளிப்பாட்டி, ஊட்டி, முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பாள். "பெத்த பொண்ணுகூட இப்படிப் பார்க்க மாட்டா" என்று அந்த வீட்டுக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் மெச்சுவார்.

அந்த நேரத்தில் அவளைப் பெற்ற குப்பம்மா பூட்டிய வீட்டுக்குள் கிடந்தாள். மீன்கூடையோடு திருவொற்றியூர்த் தெருக்களை அளந்தவளுக்கு இப்போது கக்கூஸ் எந்தப் பக்கம் என்பதே மறந்துவிடும்.

வியாசர்பாடியிலிருந்த அண்ணன் செங்குட்டுவனிடம் மதி போய் நின்றாள்.

"ஆறு மாசம் நீ வெச்சிக்கண்ணா, ஆறு மாசம் நான். அதானே நாயம்?"

"ஊரான் கெய்விக்கு பீ அள்ற, பெத்தவளுக்கு அள்ள மாட்டியா?"

திட்டிவிட்டு அம்மாவை அழைத்துப் போனான். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. உச்சிவெயிலில் ஆட்டோவில் கொண்டுவந்து, மதி வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அவள் வீட்டுப் பூட்டிய கதவுக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டுப் போய்விட்டான். போனில்கூடச் சொல்லவில்லை. கிழவி எழுந்து எண்ணூர் ரோட்டுக்கு நடந்தாள். கன்டெய்னர் லாரி உரசித் தள்ளியதில் வலது கை முறிந்தது.

தானாகக் கழிவறைக்குப் போகிறவர்களை மட்டும்தான் சேர்ப்போம் என்றது இலவச முதியோர் இல்லம். காசு வாங்கும் இல்லம் கேட்டது மதியின் சம்பளத்தைவிட அதிகம். அம்மாவையும் கூட்டிவந்து ஒரு மூலையில் உட்காரவைக்கட்டுமா என்று பெரம்பூர்க்காரரிடம் கேட்டாள்.

"இது வீடும்மா, ஆஸ்பத்திரியா? வரமுடியாதுன்னா இப்பவே சொல்லிடு."

மறுநாள் பழைய நூல்சேலையால் அம்மாவின் காலைக் கட்டிலோடு கட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். பக்கத்து வீட்டு ரஷீது பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா இது, ஆடா மாடா?"

"அப்ப நீ பாத்துக்க பாய்."

அவர் உள்ளே போய்விட்டார்.

இழுத்து இழுத்துக் குப்பம்மாவின் கணுக்கால் புண்ணானது. மாலையில் மதி அதைக் கழுவி மருந்து போடும்போது கிழவி கிசுகிசுத்தாள்.

"அக்கா, அவுத்து வுடுக்கா. என் பொண்ணாண்ட போவணும்."

"உன் பொண்ணு எங்க?"

"வேலைக்கு போய்கீறா. நல்லவக்கா அவ."

மதி சோற்றைப் பிசைந்து ஊட்டினாள்.

ஆடி மாதம் ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது குப்பம்மா செத்துக் கிடந்தாள். உடம்பு விறைத்திருந்தது. முடிச்சு அவிழவில்லை, கத்தரிக்கோலால் வெட்டினாள். சாவுக்கு வந்த செங்குட்டுவன் அந்தக் காலைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினான்.

"பாருங்க, கட்டி வெச்சே கொன்னுட்டா!"

ஒருவரும் அவனை எதுவும் கேட்கவில்லை. பெண்கள் மதியிடமிருந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்கள். போன் அடித்தது. பெரம்பூர்க்காரர், நாளைக்கு வருவாளா என்று கேட்டார். வருவதாகச் சொன்னாள்.