முதல் வரிசையில் மந்திரி

யார் பார்க்க வந்தாலும் ஹுவா-தான்-லீம் மேசைக்குப் பின்னால் உட்கார மாட்டார். நாற்காலியை வந்தவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, தேநீரைத் தானே ஊற்றிக் கொடுப்பார். பாரீசிலும் டெல்லியிலும் தூதரகத்தில் இருந்த காலத்துப் பழக்கம். சைகோன் திரும்பிப் பண்பாட்டு மந்திரியான பிறகும் விடவில்லை.

பிரெஞ்சில் பேசிக்கொண்டிருப்பவர், பிடிகொடுக்கக் கூடாத இடம் வந்தால் "பாத்துக்கலாம், பாத்துக்கலாம்" என்பார். தன் காரை ஓட்டும் தமிழன் கஸ்தோனிடம் கற்ற பேச்சு. வந்தவர் ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டுப் போவார். தட்டச்சு செய்யும் காரைக்கால் குடும்பத்து ஜெனேவியேவுக்குத்தான் சிரிப்பை அடக்குவது பெரும்பாடு.

அன்று வந்த கர்னல் தேநீரைத் தொடவில்லை.

"இன்னிக்கு சாயங்காலம் அந்த நாடகம் நடக்கக் கூடாது. நீங்களே தடை போடுங்க. இல்லேன்னா நடிகருங்களை நாங்க அள்ளிட்டுப் போவோம்."

உள்நாட்டுப் போரில் ஒரு மகனை அரசுப் படையிலும் இன்னொருவனை எதிரிப் படையிலும் பறிகொடுத்த தாயின் கதை அது. ஒத்திகை பார்த்து அனுமதி கொடுத்தவரே லீம்தான்.

"பாத்துக்கலாம்."

"இந்தச் சாமர்த்தியமெல்லாம் வெளிநாட்டுல வச்சுக்குங்க. உங்க பையனைப் பட்டாளத்துக்கு இன்னும் கூப்பிடலை, இல்ல?"

கர்னல் எழுந்து போய்விட்டார்.

"தடை உத்தரவை அடிக்கட்டுமா, முசியே?" ஜெனேவியேவ் தட்டச்சில் தாளைச் செருகினாள்.

லீம் தன் கோப்பையைத் தட்டில் வைத்தார். பிறகு, "வேணாம். வண்டியை எடுக்கச் சொல்லு" என்றார்.

"எங்க போறாரு அக்கா?" என்று படியில் கேட்டான் கஸ்தோன்.

"அந்த நாடகத்துக்கு."

"ஐயோ, அங்க ஜீப்பு வந்து நிக்குதாம்!"

"மந்திரி உள்ள இருந்தா நடிகருங்க மேல கை வைக்க யோசிப்பாங்கல்ல? நானும் வர்றேன். கதவத் தொற."

கஸ்தோன் சொன்னபடியே வாசலில் இரண்டு ஜீப்புகள். கொட்டகைக்குள் துப்பாக்கிக்காரர்களைக் கண்ட சனம் உட்காராமல் கதவோரமே நின்றது. லீம் நடுவழியே தனியாக நடந்துபோய் முதல் வரிசையில் அமர்ந்தார். பின்னால் உட்கார்ந்த ஜெனேவியேவ், அவருடைய சட்டைக் காலர் வியர்வையில் நனைந்து ஒட்டியிருப்பதைப் பார்த்தாள். ஓர் அதிகாரி வந்து குனிந்து, அவர் காதில் ஏதோ சொன்னார். லீம் எழுந்திருக்கவில்லை.

திரையின் கீழ் விளிம்பில் நடிகர்களின் பாதங்கள் தெரிந்தன. தொடங்கும் நேரம் கடந்தும் ஒன்றும் அசையவில்லை.

லீம் கைகளை உயர்த்தி, மூடிக் கிடந்த திரையைப் பார்த்துத் தனியாளாகக் கைதட்டத் தொடங்கினார்.