வலப்பக்கத்து ஜன்னல்

விமானத்தில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் ஊர் தெரியும் என்று காசியம்மா தன் அண்ணனிடம்தான் கேட்டாள். கோட்டுச்சேரிமேட்டில் படகு வைத்திருந்த பூமிநாதன் விமானத்தில் ஏறியவரில்லை. ஆனால் கொழும்பு விமானம் கடலுக்கு மேலே போவதை வலை இழுக்கும்போதெல்லாம் பார்ப்பவர்.

"தெக்க போறப்ப கரை வலக்கைப் பக்கம்தானே வரும்? படகானா என்ன, பிளேனானா என்ன?" என்றார்.

அது 1984. கணவன் இறந்தபின் பதினோரு வருஷம் காரைக்கால் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தவள் காசியம்மா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற உள்ளூர்க்காரர் வைத்திலிங்கத்துக்கு வாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பாரிசிலிருந்த மகன் அவரைக் கூப்பிட்டுக்கொண்டபோது, உடன் இருந்து பார்த்துக்கொள்ள இவளையும் கேட்டான். கொழும்பு போய், அங்கிருந்து பாரிசுக்கு விமானம் மாற வேண்டும். எத்தனை வருஷம் என்று யாரும் சொல்லவில்லை. பன்னிரண்டு வயது மகள் செல்லம் மாமன் வீட்டில் இருக்க வேண்டும்.

கடலில் இருக்கும் படகைக் கரைக்கு அழைக்க மூங்கிலில் துணி கட்டி ஆட்டுவது அந்தக் கரையின் வழக்கம். செல்லமும் அம்மாவின் சிவப்புச் சேலையைக் கட்டி, விமானம் ஊரைக் கடக்கும் மூன்று மணிக்கு ஆட்டுவதாகச் சொன்னாள். படகுக்குத் தெரிகிற துணி விமானத்துக்கும் தெரியும் என்றே எல்லாரும் நம்பினார்கள்.

மீனம்பாக்கத்தில், இறக்கைக்கு முன்னால் வலப்பக்கத்து ஜன்னல் வேண்டும் என்று காசியம்மா விடாமல் நின்று வாங்கினாள். நோயாளியை நடைவழி ஓரத்தில் உட்கார வைப்பதுதான் முறை. தூக்குவதற்கும் கழிப்பறைக்கு அழைத்துப் போவதற்கும் அதுவே வசதி. அதனால் ஜன்னல் அவளுக்கு வந்தது. அதில் அவளுக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை.

மூன்று மணிக்குக் கரை தெரிந்தது. வெள்ளையாக ஒரு கோடு, அதற்கு அப்பால் பச்சை. வீடு, படகு எதுவும் தெரியவில்லை. கொஞ்சம் தெற்கே ஆற்றுத் தண்ணீர் கடலில் பழுப்பாகக் கலந்திருந்தது. அது அரசலாறு என்றால் கோட்டுச்சேரிமேடு இந்தப் பக்கம், இதோ நேராக இருக்க வேண்டும். கண்ணாடியில் நெற்றியை வைத்துச் சிவப்பைத் தேடினாள்.

வைத்திலிங்கம் வலது கையால் அவள் முழங்கையைத் தொட்டார். "ஊரா அது? எனக்குங் கொஞ்சம் காட்டும்மா. நான் இனிமே வரப்போறதில்ல."

அவர் சொன்னது உண்மை என்று அவளுக்குத் தெரியும். இன்னும் ஒரே ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு முதுகை இருக்கையோடு ஒட்டிக்கொண்டு, அவர் சரியாமல் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவர் தலை ஜன்னலை மறைத்தது. நாகப்பட்டினம் தாண்டும்வரை அவர் நிமிரவில்லை.

பாரிசுக்கு வந்த முதல் கடிதத்தில், கை வலிக்கிற வரைக்கும் ஆட்டினேன், பார்த்தாயா என்று செல்லம் கேட்டிருந்தாள். காசியம்மா பொய் எழுதவில்லை. கரை தெரிந்தது, நீ தெரியவில்லை, அவ்வளவு உயரம் என்று எழுதினாள். தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்னாள். வரும்போது இடப்பக்கம் கேட்டு வாங்குவேன், தேதி மட்டும் இன்னும் தெரியவில்லை என்று முடித்தாள்.